சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும் முன்: பயணங்களையும் விடைபெறுதலையும் திட்டமிட முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் சில வருடங்கள் இருந்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று முடிவெடுக்கும் வீடுகளில் பெரும்பாலும் முதல் பேச்சு சாமானைப் பற்றித்தான். எதைக் கப்பலில் அனுப்புவது, எதை விற்பது, எதைக் கொடுத்துவிடுவது என்று வாரக்கணக்கில் ஓடும். பார்க்காமல் விட்ட இடங்களும், சொல்லிக்கொண்டு போக வேண்டிய மனிதர்களும் "நேரம் கிடைத்தால்" என்ற கணக்கில் போய்விடுவார்கள். அந்த நேரம் கிடைப்பதே இல்லை. கடைசி வாரம் அட்டைப் பெட்டியிலும் ஒட்டுநாடாவிலும் கரைந்துவிடும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் பயணம், பிறகு விடைபெறுதல், கடைசியில்தான் மூட்டை கட்டுவது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ, டிபென்டன்ட் பாஸில் (அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கான அனுமதி) இருக்கும் துணை, இரண்டிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு குழந்தை அல்லது இரண்டு. அப்படிப்பட்ட குடும்பத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனியாளாகத் திரும்புகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதல் படி: எந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

எல்லோரும் விமானத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது பாஸ் ரத்தாகும் தேதியிலிருந்து.

எம்ப்ளாய்மென்ட் பாஸை நிறுவனம் ரத்து செய்ததும் அதோடு சேர்ந்து மனைவி (அல்லது கணவர்), பிள்ளைகளின் டிபென்டன்ட் பாஸும் போய்விடும். ஊருக்குக் கிளம்ப வசதியாக 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி கிடைக்கும். அந்த 30 நாளில் மலேசியாவைச் சுற்றிவிட்டு வரலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அந்த அனுமதியோடு ஜொகூர் பாலத்தைத் தாண்டிவிட்டால், திரும்பி உள்ளே வரப் புதிதாக விசா வேண்டும். வீட்டுச் சாமான் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கில், குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் என்று ஆகிவிடும். ஆகவே வெளிநாட்டுப் பயணம் எதுவாக இருந்தாலும் பாஸ் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் பணம். நீங்கள் ராஜினாமா கடிதம் கொடுத்ததும் நிறுவனம் வரித்துறைக்கு ஐஆர்21 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வேலையை விட்டு நிற்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அது போக வேண்டும். வரி எவ்வளவு என்று முடிவாகும் வரை உங்களுக்குத் தர வேண்டிய சம்பளம், போனஸ், மிச்ச விடுமுறைக்கான தொகை எல்லாவற்றையும் நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளும். வரித்துறைக்குப் படிவம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் வரை இது நீளலாம். அதாவது செலவு அதிகமாக இருக்கும் அதே மாதத்தில் கையில் சம்பளம் இருக்காது. பயணச் செலவை ராஜினாமாவுக்கு முந்தைய மாதங்களின் சம்பளத்திலிருந்து எடுத்து வையுங்கள். கடைசி மாதச் சாப்பாடு, போக்குவரத்து, சாமான் அனுப்பும் கட்டணம் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு தொகை இருக்கட்டும்.

விமானத் தேதியைப் பொறுத்தவரை, ஊரில் பள்ளி ஜூனில் திறக்கிறது. அதற்காக ஏப்ரல், மே மாதங்களில் வந்து இறங்கும் குடும்பங்கள் நிறைய. சிங்கப்பூரின் சீரான சூட்டில் வளர்ந்த குழந்தைக்கு அக்னி நட்சத்திரத்தில் சென்னையிலோ திருச்சியிலோ முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். அது தெரிந்தே வாருங்கள். ஜூலை நடுவில் என்று தள்ளிப்போட்டால் ஆடி வந்துவிடும். ஆடியில் புது வீடு பால் காய்ச்ச வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். டிசம்பர் என்றால் மார்கழி. இதைப் பெற்றோரிடம் முன்னாலேயே பேசித் தேதியை முடித்துவிட்டால், கடைசி நேரத்தில் தொலைபேசியில் நடக்கும் வாக்குவாதம் மிச்சம். சிங்கப்பூர்ப் பக்கத்தில் சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள். சாமான் ஏற்ற ஆள் கிடைக்காது, வீட்டுக்காரரையும் பிடிக்க முடியாது.

இரண்டாவது படி: கடவுச்சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்

சின்னப் பிள்ளைகளின் இந்தியக் கடவுச்சீட்டு ஐந்து வருடத்துக்குத்தான். பிறந்த கையோடு எடுத்தது, பெற்றோர் கவனிக்காமலே காலாவதியை நெருங்கியிருக்கும். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பயணம் எதையும் பதிவு செய்யும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. 2026 இறுதி வரை இந்தச் சலுகை இருக்கிறது. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. இந்தோனேசியாவின் பாத்தாம், பிந்தான் தீவுகளுக்குப் படகில் போவதானால் அங்கே போய் இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம். அதற்குத் தலைக்கு ஒரு கட்டணம் உண்டு.

மூன்றாவது படி: எங்கே போவது

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். "இனி எப்போது வரப்போகிறோம்" என்ற நினைப்பில் பாலி, புக்கெட், வியட்நாம், ஜப்பான் என்று பட்டியல் நீளும். அவற்றுக்கெல்லாம் சென்னையிலிருந்தும் போகலாம். குழந்தை இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு போனால் அதற்கும் ஏதாவது நினைவிருக்கும். இங்கே வசிக்கும்போது மட்டும் எளிதாகப் போக முடிகிற இடங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். மலேசியாவுக்கு ஒரு நீண்ட பயணம், ஒரு வார இறுதிப் பயணம். மீதி எல்லாம் சிங்கப்பூருக்குள்ளேயே. இது போதும்.

நீண்ட பயணத்துக்கு நான் சொல்வது பினாங்கும் கெடாவும். பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களும் தண்ணீர்மலை முருகன் கோயிலும் எல்லோருக்கும் தெரிந்தவை. அங்கே தங்கியிருக்கும்போது ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு வடக்கே மெர்போக் போங்கள். கெடா மாநிலத்தில் ஜெராய் மலை அடிவாரத்தில் இருக்கிறது புஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். நம் பாடப்புத்தகத்தில் படித்த கடாரம் இந்தப் பகுதிதான். 1025ஆம் ஆண்டுவாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கரை. அருங்காட்சியக வளாகத்திலேயே, ஓடை ஓரமாக, புக்கிட் பத்து பாஹாட் என்ற பழைய கோயிலின் அடித்தளத்தை எடுத்துக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கருவறை ஒரு பக்கம், முன்மண்டபம் ஒரு பக்கம். மண்டபத்தில் மரத்தூண் நின்ற கல் குழிகளை வரிசையாகப் பார்க்கலாம். கூட்டம் இருக்காது. ஐந்து வயதுப் பிள்ளை அந்தக் குழிகளுக்குள் சருகைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் விளையாடும். ஊருக்கு வந்த பிறகு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போய், "இங்கிருந்து கிளம்பியவர்கள்தான் அங்கே வந்தார்கள்" என்று காட்ட ஒரு பிடி கிடைக்கும். இரண்டு ஊரையும் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்த வரலாறு மறக்காது.

வார இறுதிப் பயணத்துக்கு மலாக்கா. பேருந்தில் எல்லைச் சோதனை நேரத்தையும் சேர்த்து நான்கைந்து மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலேயே இரவாகிவிடும். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புங்கள். 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அங்கே இருக்கிறது. மலாக்கா செட்டிகள் என்ற சமூகத்தாருக்கு உரியது. பல தலைமுறைக்கு முன் தமிழகக் கரையிலிருந்து வந்து, மலாய் பேசிக்கொண்டு, சைவ வழிபாட்டை விடாமல் இருப்பவர்கள். நாம் திரும்பிப் போகும் நேரத்தில், திரும்பாமல் இங்கேயே வேர்விட்டவர்களைப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு முக்கியமாகப் பட்டது.

பத்துமலை பார்க்காதவர்கள் கோலாலம்பூரையும் சேர்த்துக்கொள்ளலாம். 272 படி. காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறினால் குழந்தையும் தானே ஏறும். பத்து மணிக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

சிங்கப்பூருக்குள் எங்கே போவது என்பதைப் பெரியவர்கள் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பிள்ளையிடம் கேளுங்கள். நீங்கள் கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை தி பே) என்று சொல்வீர்கள், அது புளோக்குக்குக் கீழே இருக்கும் சிவப்புச் சறுக்குமரம் என்று சொல்லும். இரண்டும் பட்டியலில் இருக்கட்டும். எங்கள் மகள் கேட்டது இரண்டுமாடிப் பேருந்தின் மேல் தளத்தில் முன் இருக்கை. முனையத்திலிருந்து முனையம் வரை போய்த் திரும்பினோம். அதற்கு ஆன செலவைக் கணக்கில் எழுதவே தேவையில்லை.

என் பட்டியலில் முதல் இடம் புலாவ் உபின் தீவுக்கு. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பழைய மரப்படகு கிளம்பும். கட்டணம் தலைக்கு நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில், பத்து நிமிடப் பயணம். இறங்கியதும் வாடகை சைக்கிள் கிடைக்கும், குழந்தை உட்காரும் இருக்கையோடு. செக் ஜாவா சதுப்பு நிலத்தில் கடலை ஒட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் சேற்றில் நண்டுகள் ஒரு பெரிய கொடுக்கை மட்டும் தூக்கித் தூக்கி ஆட்டுவதைப் பார்க்கலாம். கொசுத் தைலமும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாவரவியல் பூங்காவில் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் போக வேண்டாம், மூடியிருக்கும். செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் முட்டை வேகவைத்துச் சாப்பிடலாம், முட்டை நாம் கொண்டுபோக வேண்டும். மெக்ரிட்சி மரமேல் தொங்குபாலம் அழகுதான், ஆனால் தள்ளுவண்டி போகாது, நடை நீளம். நான்கு வயதுக்குக் கீழ் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நான்காவது படி: காகிதங்கள்

சலிப்பான பகுதி, ஆனாலும் மலேசியப் பயணத்துக்கும் விருந்துகளுக்கும் நடுவில் இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

குழந்தை சிங்கப்பூரில் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழையும், இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்த ஆவணத்தையும் சேர்த்து வையுங்கள். 2022 மே இறுதியிலிருந்து பிறந்தவர்களுக்குச் சான்றிதழ் மின்வடிவில்தான் வருகிறது. தரவிறக்கிப் பல இடங்களில் சேமியுங்கள். இந்தியாவில் காட்ட வேண்டிய சிங்கப்பூர்ச் சான்றிதழ்களுக்கு, வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள உதவும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுவது நல்லது. 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் அதைத் தருகிறது. ஊரிலிருந்து கொண்டு இதைச் செய்வது பெரிய அலைச்சல்.

தடுப்பூசிப் பதிவுகள், வரி மதிப்பீட்டு அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் பாஸ் ரத்தாகும் முன் தரவிறக்குங்கள். பிறகு சிங்பாஸ் என்ற அரசு இணைய உள்நுழைவை நம்பி இருக்க வேண்டாம். பாலர் பள்ளிக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மாதம். முன்பணம் அதைப் பொறுத்துத்தான் திரும்பும்.

வாடகை வீட்டுக்கு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் வழக்கமாக "டிப்ளமாட்டிக் கிளாஸ்" என்று ஒரு பிரிவு இருக்கும். நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் ஒரு வருடம் முடிந்த பிறகு இரண்டு மாத முன்னறிவிப்பில் காலி செய்ய அது இடம் தரும். சொந்த விருப்பத்தில் வேலையை விடுவதற்கு அது பொருந்துமா என்பது வாசகத்தைப் பொறுத்தது. அதை வரி வரியாகப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏசி சுத்தம் செய்த ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள், முன்பணத்தில் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஐந்தாவது படி: பெரியவர்களின் விடைபெறுதல்

எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டு ஒரு மண்டபத்தில் பஃபே போடுவது சுலபம். அதில் யாரிடமும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளோக்குக்குக் கீழே இருக்கும் கூடத்திலோ ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ, ஆளுக்கு ஒரு உணவு கொண்டுவரும் சந்திப்பு. நெருங்கிய மூன்று நான்கு குடும்பங்களுக்குத் தனித்தனியாக ஒரு வேளை சாப்பாடு. கூப்பிடும்போதே தேதியைச் சொல்லிவிடுங்கள். "போறதுக்குள்ள ஒரு நாள் பார்ப்போம்" என்று சொன்ன எந்தச் சந்திப்பும் நடக்காது.

நெருங்கியவர்களின் சாப்பாடு வீட்டில் பாத்திரம் இருக்கும்போதே முடியட்டும். பாதி காலியான வீட்டில், பிளாஸ்டிக் தட்டில், பெட்டிகளுக்கு நடுவே நடக்கும் விருந்து வருகிறவர்களையும் சங்கடப்படுத்தும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது டிபென்டன்ட் பாஸில் இருக்கும் துணையைப் பற்றி. வேலையில் இருப்பவருக்கு அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள், அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், பேச்சு இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு அப்படி ஒன்றை யாரும் ஏற்பாடு செய்வதில்லை. அவருடைய உலகம் பாலர் பள்ளி வாசலில் சந்தித்த அம்மாக்கள், தேக்கா சந்தையில் கறிவேப்பிலையைக் கேட்காமலே பையில் போடும் கடைக்காரர், நூலகத்தில் கதை நேரத்துக்கு வருபவர்கள். இந்த நாட்டில் தனியாக, கைக்குழந்தையோடு, தட்டித் தடுமாறிச் சேர்த்துக்கொண்ட உறவுகள் அவை. ஒரு முழு நாள் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை அந்த நண்பர்களோடு அனுப்பிவையுங்கள். காலண்டரில் உங்கள் அலுவலக விருந்தை எழுதும் அதே நாளில் இதையும் எழுதுங்கள்.

அண்டை வீட்டுக்காரர்களை மறக்க வேண்டாம். வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) வீட்டில் தாழ்வாரம் பொது. எதிர் வீட்டு மலாய் அம்மா நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்திருப்பார், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி குழந்தை அழும் சத்தத்தை மூன்று வருடம் பொறுத்திருப்பார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு குழந்தையின் கையில் ஒரு டப்பா முறுக்கோ லட்டோ கொடுத்து, வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போங்கள். மலாய் வீட்டுக்குக் கொண்டுபோகும் பலகாரத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவார்கள்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கு எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அவர் வேறு வீட்டில் சேர விரும்புகிறாரா, ஊருக்குப் போக விரும்புகிறாரா என்று கேளுங்கள். புது முதலாளி தேட அவகாசம் வேண்டும். ஊருக்குப் போவதானால் அவரை அனுப்பிவைக்கும் செலவு உங்களுடையது. குழந்தைக்கு இந்த வீட்டிலேயே அதிக நேரம் கூட இருந்தவர் அவராக இருக்கலாம். அதனால் இந்தப் பிரிவை ஒரு நாள் காலையில் குழந்தை தூங்கும்போது முடித்துவிடாதீர்கள். விமான நிலையத்துக்குக் குழந்தையும் வரட்டும், அழட்டும். அவருடைய படம் ஒன்றை அச்சிட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள், குழந்தையின் படம் ஒன்றை அவருக்குக் கொடுங்கள். பிறகு பேசுவதற்கு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கினால் பேசவும் வேண்டும்.

ஆறாவது படி: குழந்தையின் விடைபெறுதல்

இதில்தான் அதிக கவனம் தேவை. குழந்தைக்கு எப்போது சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்னால் சொன்னால் போதும், அதற்கு மேல் நாள் கணக்கு அதற்குப் புரியாது. ஐந்து வயதுக்கு மேல் என்றால் நீங்கள் முடிவெடுத்ததுமே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் போனில் பேசுவதைக் கேட்டு அதுவே தெரிந்துகொள்ளும். தனக்குச் சொல்லாமல் நடக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் அதை மாற்றுவது கடினம்.

சொல்லும்போது தாத்தா வீடு, மாமரம், நாய்க்குட்டி என்று ஆசை மட்டும் காட்டாதீர்கள். எது மாறும், எது மாறாது என்று சொல்லுங்கள். "உன் போர்வை வரும். பொம்மை வரும். பள்ளி மாறும். இந்த வீடு வராது." குழந்தை கேட்பதெல்லாம் மிகச் சின்னக் கேள்விகளாக இருக்கும். நான் எங்கே தூங்குவேன், அங்கே மின்தூக்கி இருக்குமா, மழை வந்தால் எந்தக் குடை. ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் கொடுங்கள். தாத்தா பாட்டியை வீடியோவில் கூப்பிட்டு, குழந்தை தூங்கப் போகும் அறையைக் காட்டச் சொல்லுங்கள்.

பொம்மைகளைக் கேட்காமல் கொடுத்துவிட வேண்டாம். மூன்று பெட்டி வையுங்கள்: என்னோடு விமானத்தில், கப்பலில், இன்னொரு குழந்தைக்கு. எது எதில் போகிறது என்று குழந்தை முடிவு செய்யட்டும். மூன்றாவது பெட்டி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும், பரவாயில்லை. யாருக்குப் போகிறது என்று முகம் தெரிந்தால் கை தாராளமாகும். கீழ் மாடிக் குழந்தையிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

பாலர் பள்ளியில் கடைசி நாளுக்கு முன்பே ஆசிரியரிடம் பேசுங்கள். மற்றப் பிள்ளைகளைப் படம் எடுக்கப் பள்ளிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தனுப்பி, பக்கத்துக்கு ஒரு பிள்ளை கை அச்சு வைத்துப் பெயர் எழுதச் சொன்னால் சந்தோஷமாகச் செய்து தருவார்கள். விருப்பமுள்ள இரண்டு மூன்று பெற்றோரிடம் எண் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது பேரோடு தொடர்பில் இருக்க முடியாது. ஒரே ஒரு நண்பனோடு இருந்தாலே குழந்தைக்குப் பெரிய துணை.

கடைசி நாளன்று அல்லது முந்தின நாளன்று, காலி வீட்டைக் குழந்தையோடு ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு அறையிலும் என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். இங்கேதான் நீ முதலில் நடந்தாய், இங்கேதான் பால் கொட்டினாய். எங்கள் வீட்டில் மகள் மின்தூக்கியின் பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக டாட்டா சொன்னாள். எங்கள் மாடி எண்ணுக்கு வந்ததும் அதை மட்டும் இரண்டு முறை அழுத்தினாள். கதவு மூடித் திறந்து மூடியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஏழாவது படி: கோயில், கடை, தெரு

சிராங்கூன் சாலைக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். வீரமாகாளியம்மன் கோயிலிலோ பெருமாள் கோயிலிலோ குடும்பத்தின் பெயரில் ஒரு அர்ச்சனை. தைப்பூச சமயத்தில் கிளம்புவதானால் அந்த நாளைப் பார்த்துவிட்டே போங்கள். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு மணி நேரம் நின்று மோர் ஊற்றுவது, வாங்கிக் குடித்த வருடங்களுக்கு நல்ல பதில்.

ஊருக்கு வாங்கிப் போக வேண்டியவை எல்லோருக்கும் தெரியும்: முஸ்தபா கடையில் கோடாலித் தைலம், சாக்லேட், மைலோ. ஒரே நாளில் வாங்கி முடியுங்கள். நகை வாங்குவதானால் ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரைதான் தங்க நகைக்குச் சுங்கவரி இல்லை. ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பழைய நகைகளின் ரசீது இருந்தால் கையோடு வைத்திருங்கள்.

எட்டாவது படி: சாமான்

இங்கே சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். கப்பல் கட்டணம் எடைக்கு அல்ல, பெரும்பாலும் கன அளவுக்கு. பெரிய மரச்சாமானை விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் மின்சாரமும் நம்முடையதும் ஒரே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் நல்ல சோறு ஆக்கும் குக்கரையும் கிரைண்டரையும் எடுத்துப் போகலாம், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருபவர்களுக்கான சுங்கச் சலுகைக்கு நடப்பு விதியைச் சுங்கத்துறையின் தளத்தில் பாருங்கள், நண்பர் சில வருடம் முன் வந்த கதையை நம்ப வேண்டாம். வீசப்போகும் சோபாவையும் மெத்தையையும் எடுத்துச் செல்ல, குடியிருப்பைப் பராமரிக்கும் டவுன் கவுன்சிலைக் கூப்பிட்டு நாள் வாங்குங்கள்.

குழந்தையின் கட்டிலைக் கடைசியில் பிரியுங்கள்.

ஒன்பதாவது படி: கடைசி மூன்று நாள்

வீட்டைச் சுத்தம் செய்து ஒப்படைப்பதையும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். சாவியைக் கொடுத்த பிறகு இரண்டு இரவு நண்பர் வீட்டில் தங்குங்கள். தங்கச் சொல்லி அவர்கள் கேட்டிருப்பார்கள், இப்போது சரி என்று சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், மின்மானியின் எண்ணோடு. முன்பணம் வந்து சேரும்வரை வங்கிக் கணக்கையும் கைபேசி எண்ணையும் மூட வேண்டாம்.

சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்ப வருகிறவர்களை அங்குள்ள ஜுவல் வளாகத்துக்கு வரச் சொல்லுங்கள். 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த உள்ளரங்க அருவிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, பெரியவர்கள் ஒரு காப்பி குடித்துப் பேச இடம் இருக்கும். புறப்பாட்டு வாசலில் நின்றபடி அவசரமாகக் கட்டிப்பிடிப்பதைவிட அது நல்லது. உள்ளே போக வேண்டிய நேரத்தைக் குழந்தையிடமும் சொல்லி வையுங்கள். நேரம் வந்ததும் கிளம்பிவிடுங்கள், மூன்று முறை விடைபெற வேண்டாம்.

வந்து இறங்கிய பிறகு

சென்னைக்கோ திருச்சிக்கோ நான்கு மணி நேரப் பயணம். இறங்கிய வாரத்தில் உறவினர் வீடுகளுக்கு வரிசையாகக் கூட்டிப் போகாதீர்கள். பத்து நாளாவது குழந்தை ஒரே அறையில், ஒரே போர்வையில் தூங்கட்டும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில், புதுமை தீர்ந்ததும், "எப்போ வீட்டுக்குப் போவோம்" என்று கேட்கும். "இதுதான் வீடு" என்று சட்டென வெட்டிவிடாமல், அந்த வீட்டில் எது வேண்டும் என்று கேளுங்கள். சில நேரம் நூடுல்ஸ், சில நேரம் அந்த நண்பன்.

நண்பனோடு பேச ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி வசதியானது. அங்கே மணி ஆறரை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். வாரம் தவறாமல் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள், அப்புறம் பிள்ளைகள் இருவரும் தங்களுக்குத் தேவைப்படும்போது கேட்பார்கள்.